இஷிமூரோ போகாத செத்தவீடு

தோர்ண்டன் ஹீத், லண்டன்
9 செப்டெம்பர் 2024

லெஸ்லி மச்சானுக்கு,

இரண்டு வருடமாக உங்களுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. "ஜப்பான் பாஷை படிச்சு என்னத்தைக் கிழிச்சனி? அதை வைச்சு எனக்கு ஒரு உதவி செய்ய ஏலுமோ உனக்கு?" என்று கடைசியாக ஃபோனில் கேட்டீர்கள். நான் பட்டென்று வைத்துவிட்டேன். பிறகு ஜப்பானில் விசா இல்லாமல் பிடிபட்டீர்கள் என்றும், தடுப்பு முகாமில் ஃபோன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்றும் அம்மா சொன்னா. அதனால் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு ஜப்பானிய அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதுகிறேன். அட்டையில் அவர் பெயர் வரும், என் பெயர் எங்கேயும் வராது. ஆள் யாரென்று சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் ஹமாசே துறைமுகத்து இஷிமூரோ தக்காகி.

தாத்தா கப்பல் முதலாளி, பாராளுமன்ற உறுப்பினர். அப்பா அமைச்சர். அப்பா செத்ததும் முப்பத்து நாலு வயதில் அதே ஆசனம் மகனுக்கு வந்தது, வீட்டுத் தளபாடம் வந்த மாதிரி. ஆறு தரம் வென்றார். போன வருடம் வேலை பழக வெளிநாட்டுப் பயிலுநர்களைக் கொண்டுவரும் சங்கமொன்றின் ஊழலில் அவர் பெயர் அடிபட்டது. "என் செயலாளர் செய்தது, எனக்குத் தெரியாது" என்று கமராக்களுக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்து பதவி விலகினார். இப்போது ஒரு வருடம் லண்டனில் ஏதோ பல்கலைக்கழகத்தின் விருந்தாளி. திரும்பிப் போய் இடைத்தேர்தலில் நின்று வென்றால் பாவமெல்லாம் கழுவப்பட்டுவிட்டது என்பது அங்கே கணக்கு. பாவசங்கீர்த்தனம் இல்லாமலே பாவமன்னிப்பு. போகும்போது கையில் ஒரு புத்தகம் வேண்டும்.

என்னை வேலைக்கு எடுத்தது லோகன் என்ற மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கி, பெரிய மனிதர்களின் முகத்தைத் துடைத்துக் கொடுக்கும் கம்பெனி நடத்துகிறார். அடிக்கடி இஷிமூரோவைப் பார்க்கிறேன். அவர் சொன்னால் அவருடைய ஆட்கள் யாராவது உங்களுக்குப் பொறுப்பு நிற்பார்கள், தற்காலிக விடுதலை கிடைக்கும். கேட்கட்டுமா? கஸ்பர் விஷயத்தில் இந்த ஆளுக்கும் உங்களுக்கும் ஏதோ நடந்ததாக ஒருமுறை சொன்னீர்கள். அதை முழுதாக எழுதுங்கள்.

ஜெனோஜா

*

24 செப்டெம்பர் 2024

ஜெனோ,

உன் கடிதத்தை இங்கே ஒருவன் திறந்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தான். தமிழ் தெரியாதவன் என்னத்தைப் பார்த்தானோ.

வாழ்க்கை வரலாறு எழுதுகிறாயா? நல்லது. நான் ஒரு அத்தியாயம் தருகிறேன், போட்டுக்கொள்.

கஸ்பரும் நானும் மன்னாரிலிருந்து ஒரே விமானத்தில் வந்தோம். சிப்பி உடைக்கும் ஆலை. எங்களைத் தொழிலாளி என்று சொல்லமாட்டார்கள். "பயிலுநர்." மூன்று வருடம் சிப்பி உடைப்பதில் பயிற்சி! 2018 நவம்பரில் கஸ்பருக்குக் காய்ச்சல் வந்தது. மேலாளர் மாத்திரை கொடுத்து வேலைக்கு இறக்கினார். பிறகும் காய்ச்சல், பிறகும் மாத்திரை. ஒரு காலை விடுதியில் எழுப்பப் போனேன், உடம்பு குளிர்ந்து கிடந்தது. இருபத்து நாலு வயது.

ஊர் முழுக்க இஷிமூரோவின் படம் ஒட்டியிருந்தது. கீழே "பயிலுநர்களின் தகப்பன்" என்று எழுத்து. எங்களை அந்த ஊருக்குக் கொண்டுவந்தது அவர்தானாம். தகப்பனிடம் போனேன். ஆளை நேரில் பார்த்தேன் ஜெனோ. எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் ஒன்றும் விடாமல் சொன்னேன். காய்ச்சல், மாத்திரை, மேலாளரின் பெயர். அவருடைய செயலாளர் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டார். இஷிமூரோ என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் மாலை அந்தச் செயலாளர் தனியாக விடுதிக்கு வந்து, "நாளைக்கு உன்னை விமானத்தில் ஏற்றப்போகிறார்கள். ஓடு" என்றார். நான் ஓடினேன். முட்டைக்கோவாத் தோட்டங்களில் ஒளித்து வேலை செய்தேன். கடைசியில் பிடிபட்டேன்.

அந்த ஊரில் யார் செத்தாலும் இஷிமூரோ போவார். அதுதான் அவருடைய அரசியல். அதே கிழமை ஆலை முதலாளியின் தாய் செத்தாள். அங்கே அவர் விம்மி அழுததைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். கஸ்பரை எரித்த இடத்தில் நாங்கள் நாலு பேர் நின்றோம். தகப்பன் வரவில்லை.

அந்தாளிடம் எனக்காக வாய் திறக்காதே.

லெஸ்லி

*

தோர்ண்டன் ஹீத்
8 ஒக்டோபர் 2024

லெஸ்லி மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முதலே வாய் திறந்துவிட்டேன். திட்டுவதைக் கடைசியில் திட்டுங்கள், முதலில் கேளுங்கள்.

செத்தவீட்டு விஷயம் நீங்கள் சொன்னதை விட மோசம். காலையில் ஹமாசே பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புகிறார்கள். லண்டனில் தேத்தண்ணி குடித்தபடி யார் யாருக்கு அனுதாபத் தந்தி என்று சொல்கிறார். ஒன்பதாயிரம் செத்தவீடு போயிருக்கிறாராம். பெருமையாகச் சொல்கிறார். நாலாம் அத்தியாயம் முழுக்க அதுதான். எந்த வீட்டில் எவ்வளவு குனிய வேண்டும் என்று எனக்கு எழுந்து நின்று செய்து காட்டினார். நம்மட ஆட்களும் கவுன்சில் எலெக்ஷன் வந்தால் முன்பின் தெரியாத செத்தவீட்டில் முன்வரிசையில்தான் இருப்பார்கள். ஆனால் குனியும் பாகையைப் பழகியவன் எவனும் இல்லை.

பெயர் மட்டும் அவருக்கு நிற்காது. அதற்கு ஒரு ஏற்பாடு. செயலாளர் ஒரு அடி பின்னால் இடப்பக்கம் வருவார். எதிரே ஆள் வந்தால் தலைவர் இடது காதை லேசாகச் சரிப்பார். செயலாளர் பெயரை முணுமுணுப்பார். உடனே தலைவர், "ஓ, இன்னாரே, அம்மா சுகமா?" லண்டனில் அந்த இடது காது என் பொறுப்பு. விருந்துகளில் நாய் மாதிரிப் பின்னால் போய் முணுமுணுக்கிறேன்.

கஸ்பரைப் பற்றியும், நீங்கள் அவரிடம் போனதைப் பற்றியும் சொன்னேன். கண்ணை மூடினார். நான் முட்டாள், குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து கேட்டது: "அந்தக் குடும்பத்தார் யாராவது லண்டனில் இருக்கிறார்களா?"

செவன் கிங்ஸில் அக்கா றோஸ்மலர் இருக்கிறா என்றேன். லோகன் மேசையைத் தட்டினார். "ஜெனோ, கடைசி அத்தியாயம் கிடைச்சிருச்சிலா! வெளிநாட்டுப் பையன் ஒருத்தனோட நினைவு நாளுக்கு, லண்டன்ல, தமிழ் சர்ச்ல, தலைவர் வந்து தலை குனியறாரு. படம் எடுத்தா அழுதுருவாங்க."

"ஆறு வருஷமா ஏன் போகேல்லை எண்டு கேப்பினமே?"

"அதுக்குத்தான் ஒங்க மச்சான் ஒரு கடுதாசி கொடுக்கணும். நான் ஆபீஸுக்குப் போனேன், செயலாளர்கிட்டதான் சொன்னேன், அந்த ஆளு தலைவருக்குச் சொல்லவே இல்ல. அவ்வளவுதான். கொடுத்தா பொறுப்பு நிக்க ஆள் ரெடி. சின்ன வேலைலா."

இஷிமூரோ பக்கத்தில் இருந்து பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார். தமிழ் புரியாது. ஆனால் எல்லாம் புரிந்த முகம்.

கேவலம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வெளியே வரவேண்டும் என்றும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜெனோஜா

*

21 ஒக்டோபர் 2024

ஜெனோ,

உனக்கு விளங்கவில்லையா, விளங்காத மாதிரி நடிக்கிறாயா?

நான் யார் மேல் பொய் சொல்ல வேண்டும்? "ஓடு" என்று வந்து சொன்ன மனுசன் மேல். இந்த நாட்டில் எனக்கு நல்லது செய்த ஒரே ஜப்பான்காரன் மேல். போன வருடம் தலைவனின் ஊழலைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வேலையை விட்டவனும் அதே செயலாளர்தான். மிதித்தவனையே இன்னொரு தரம் மிதிக்க உன் ஆட்களுக்கு ஒரு கால் தேவை. என் காலைக் கேட்கிறார்கள்.

நீ பெரிய படிப்புப் படித்தவள். பிழை செய்தவன் ஒருத்தன், குனிகிறவன் அவன், தண்டனை வேறொருத்தனுக்கு என்றால் அந்தக் குனிவுக்கு என்ன பெயர்? உன் புத்தகத்தில் பெயர் கண்டுபிடித்துப் போடு.

இங்கே எனக்குப் பல்வலி. டொக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு நேபாளப் பெடியன் சுவரோடு கதைக்கிறான். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. இவ்வளவு இருந்தும் மாட்டேன் என்கிறேன், அதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

றோஸ்மலர் அக்காவின் வீட்டுப் படியில் அந்த நாயைக் கூட்டிக்கொண்டு ஏறாதே.

லெஸ்லி

*

தோர்ண்டன் ஹீத்
3 நவம்பர் 2024

லெஸ்லி மச்சானுக்கு,

நாயைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தனியாகப் போனேன்.

றோஸ்மலர் அக்கா முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து வந்து, யூனிபோர்மைக் கழற்றாமலே எனக்குப் புட்டு அவித்துத் தந்தா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இஷிமூரோ யார், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார், இப்போது என்ன கேட்கிறார். அவ கத்துவா, என்னைத் துரத்துவா என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதற்காகத்தான் போனேன். யாராவது எனக்காக "இல்லை" என்று சொல்லிவிட்டால் நான் தப்பிவிடுவேன்.

அவ கேட்டது இது மட்டும்தான்: "அந்தாள் வந்து குனிஞ்சா லெஸ்லியை விடுவினமோ?"

"லெஸ்லி கடிதமும் குடுக்கவேணும். அவர் மாட்டாராம்."

"அவன் சின்னனிலயே பிடிவாதம். பிள்ளை, என்ர தம்பிக்கு இனி ஆரும் ஒண்டும் செய்யேலாது. உள்ளுக்கை கிடக்கிறவனை எடுக்கப் பார். நவம்பர் இருபத்து மூண்டு ஆண்டுப் பூசை. அந்தாளை வரச் சொல்லு. படமும் எடுக்கட்டும்."

"அக்கா, உங்களுக்குக் கோபம் இல்லையோ?"

"கோபமோ? வேலை இடத்தில ஒவ்வொரு நாளும் எத்தினை கிழடுகள் ஏசுதுகள். கோபத்தை வைச்சுக்கொண்டிருந்தா நான் எப்ப சமைக்கிறது?"

அவ தன் தம்பியின் நினைவு நாளையே உங்களுக்காகத் தருகிறா. நீங்கள் ஒரு தாளில் கையெழுத்துத் தரமாட்டீர்கள். யார் பெரிய மனிதர் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

பல்லுக்கு டொக்டர் வந்தாரா?

ஜெனோஜா

*

14 நவம்பர் 2024

ஜெனோ,

டொக்டர் வரவில்லை. நேபாளப் பெடியனை நேற்று எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். அவனுடைய கட்டிலை மடித்து வைத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். "உள்ளுக்கை கிடக்கிறவனை எடு" என்று அக்கா சொன்ன இடத்தில் ஒவ்வொரு தரமும் நின்றேன்.

எழுதிவிட்டேன். ஜப்பான் மொழியில் தனித்தாளில் இருக்கிறது. உனக்குத் தமிழில் சொல்கிறேன்: "2018 நவம்பரில் நான் திரு. இஷிமூரோவின் அலுவலகத்துக்குச் சென்றேன். அவரைச் சந்திக்கவில்லை. செயலாளரிடம் மட்டுமே விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைத் தலைவருக்குத் தெரிவிக்கவில்லை. தலைவர் அறிந்திருந்தால் நிச்சயம் வந்திருப்பார்."

கடைசி வசனம் நானே சேர்த்தது. கேட்காமலே சேர்த்தேன். பொய் சொல்லத் தொடங்கினால் நன்றாகச் சொல்லத்தான் மனம் வருகிறது. நீ புத்தகம் எழுதுவது எப்படி என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

ஒன்றும் பதில் எழுதாதே. கொடு.

லெஸ்லி

*

தோர்ண்டன் ஹீத்
24 நவம்பர் 2024

லெஸ்லி மச்சானுக்கு,

நான் எல்லாவற்றையும் நாசமாக்கிவிட்டேன். முழுதாகக் கேளுங்கள்.

உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. மாட்டேன் என்றால் மாட்டேன்தான் என்று முடிவுகட்டினேன். படம் மட்டுமாவது எடுத்தால் பேரம் பேசலாம் என்று லோகன் சொன்னார். நேற்றுப் பூசை முடிந்து கோவில் ஹோலில் எல்லாரும் கூடினார்கள். ரோல்ஸ், பற்றிஸ், தேத்தண்ணி. முன்னால் மேசையில் இரண்டு படம். ஒன்று கஸ்பருடையது. பாஸ்போர்ட் படத்தைப் பெருப்பித்தது, சின்னது. மற்றது பாட்டுக்குழு பெனடிக்ற் மாஸ்டருடையது. ஒக்டோபரில் எழுபத்தெட்டு வயதில் செத்தார். அவருடைய முப்பத்தோராம் நாள் பூசையும் நேற்றுத்தான். பெரிய படம், மாலை, சுற்றிவர லில்லிப் பூ, மின்சார விளக்கு.

இஷிமூரோ கறுப்புக் கோட்டோடு வந்தார். லோகன் வெளியே ஃபோனில். கமராக்காரன் எங்களுக்குப் பின்னால். நான் ஒரு அடி பின்னால், இடப்பக்கம். கஸ்பரின் படத்துக்குப் பக்கத்தில் றோஸ்மலர் அக்கா கைகட்டிக்கொண்டு நின்றா. அவவுடைய நல்ல சாறியைக் கட்டியிருந்தா, மச்சான். இந்த மனிதனுக்காக.

அவருடைய ஊரில் செத்தவருடைய படம்தான் நடுவில் பெரிதாக இருக்கும். கால்கள் பழக்கத்தில் நேரே பெரிய படத்துக்குப் போயின. பாதி வழியில் வேகத்தைக் குறைத்து இடது காதைச் சரித்தார். பெயர் வேண்டுமாம்.

நான் சொல்லவில்லை.

வாய் வரை வந்தது. "கஸ்பர், வலப்பக்கம், சின்னப் படம்." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இந்த ஆள் ஆறு கிழமையாகக் கஸ்பரை வைத்து அத்தியாயம் பேசினார். ஒரு நாளாவது, "அந்தப் பிள்ளையின் படத்தைக் காட்டு" என்று கேட்டாரா? கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெனடிக்ற் மாஸ்டருக்கு முன்னால் போய் நின்றார். எனக்குச் செய்து காட்டியதிலேயே மிக ஆழமான குனிவு அது. நிமிர்ந்தபோது கன்னத்தில் உண்மைக் கண்ணீர். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினார், நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன்: "மொட்டிலேயே பறிக்கப்பட்ட இளம் உயிரே! உன் கனவுகளை நான் சுமப்பேன்!" எழுபத்தெட்டு வயது மாஸ்டர் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்ததுகள். மாஸ்டரின் மனைவி மேரிசாந்தி அன்ரி என் காதுக்குள்ளே கேட்டா: "ஆர் பிள்ளை இந்தச் சீனாக்காரர்? மாஸ்டரிட்டைப் பாட்டுப் படிச்சவரோ?"

"ஓம் அன்ரி" என்றேன்.

"பாவம், நல்லாத்தான் அழுறார். ஒரு ரோல்ஸ் குடுங்கோ."

றோஸ்மலர் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் அவவைக் கடந்து போனபோது, பாட்டுக்குழுக்காரி என்று நினைத்தாரோ என்னவோ, தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அக்கா என்னிடம் சொன்னா: "பறவாயில்லை. கஸ்பருக்கு அந்தாளின்ர கண்ணீர் படேல்லை. அது நல்லம்." கஸ்பரின் படத்தை மேசையிலிருந்து எடுத்தபடி, "ஆனா லெஸ்லி?" என்றா.

நாளைக்கு என்னை வேலையை விட்டுத் தூக்குவார்கள். அது பெரிதில்லை. உங்கள் கதவை நான் சாத்திவிட்டேன்.

ஜெனோஜா

*

தோர்ண்டன் ஹீத்
29 நவம்பர் 2024

லெஸ்லி மச்சானுக்கு,

பதினாலாம் திகதி எழுதிய உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. வாசலில் நின்றே படித்தேன். நீங்கள் குனிந்த நேரத்தில் நான் நிமிர்ந்திருக்கிறேன். நீங்கள் நிமிர்ந்து நின்றபோது நான் குனியச் சொன்னேன். ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நிற்க எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது இதை விடக் கேவலம். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

என்னைத் தூக்குவார்கள் என்று கோட்டைக் கழற்றாமலே லோகனின் அறைக்குள் போனேன். கணினியில் படம் திறந்திருந்தது. பின்னாலிருந்து எடுத்தது. இஷிமூரோவின் வளைந்த முதுகு, லில்லிப் பூ, விளக்கு. படச் சட்டத்துக்குள் யார் என்று தெரியாது. மீசையின் ஒரு முனை மட்டும் பூவுக்கு மேலால் தெரிந்தது.

"பிரமாதம்லா ஜெனோ. அட்டைப் படமே இதுதான். தலைவர் ரெண்டு தடவ பார்த்துட்டாரு."

"அண்ணே, அந்த ஃபிரேமுக்குள்ள ஆர் எண்டு பாத்தனீங்களோ?"

"யாரா இருந்தா என்ன? குனியறது தலைவருதானே."

சிரித்தபடி சொன்னார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தெரியாது என்றால் முட்டாள். தெரியும் என்றால் அதற்கு என்னிடம் சொல் இல்லை. நான் பெரிய வீரம் என்று நினைத்துச் செய்தது அந்த அறையில் ஒரு தூசியைக் கூட அசைக்கவில்லை.

உங்கள் தாள் என் பையில் இருக்கிறது. "மச்சானோட கடுதாசி வந்திருச்சா?" என்று லோகன் கேட்டபடி இருக்கிறார். இல்லை என்கிறேன். படம் கிடைத்துவிட்டது, தாளும் கிடைத்தால் உங்கள் கதவு திறக்கும். உங்களுக்காக நான் முடிவெடுத்ததெல்லாம் போதும். "கொடு" என்று பல்வலியில் எழுதினீர்கள். இப்போது நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இன்னொரு தரம் சொல்லுங்கள்.

ஜெனோஜா

*

11 டிசெம்பர் 2024

ஜெனோ,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. பெனடிக்ற் மாஸ்டர் கதையைப் படித்து வீங்கின கன்னத்தோடு சிரித்தேன். காவல்காரன் வந்து எட்டிப் பார்த்தான். இங்கே சிரித்தால் சுகமில்லையோ என்று பார்ப்பார்கள்.

கொடு.

நல்லவனாக உள்ளே கிடந்து அழுகுவதற்கு நான் அர்ச்சிஷ்டவன் இல்லை. மாஸ்டரின் மீசைக்கு முன்னால் குனிந்தவனுக்கு என் பொய் நல்ல பொருத்தம். படமும் பொய், தாளும் பொய், ஒரே புத்தகத்துக்குள் கிடக்கட்டும். ஒன்றை மட்டும் நான் சமாளிக்க வேண்டும். வெளியே வந்தால் முதலில் அந்தச் செயலாளரைத் தேடிப் போவேன். முகத்தில் துப்பினால் துடைத்துக்கொள்வேன்.

நீ வாயை மூடியதற்கு உன்னில் எனக்குக் கோபம் இல்லை. நீ இந்த வேலையில் ஒழுங்காகச் செய்த ஒரே விஷயம் அதுதான்.

லெஸ்லி

*

ஹமாசே
20 ஏப்ரல் 2025

ஜெனோ,

வெளியே வந்த பிறகு எழுதுகிற முதல் கடிதம். ஃபோன் இருக்கிறது, ஆனால் இது ஃபோனில் சொல்கிற கதை இல்லை. பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது இடப்பக்கத்தால்தான் சாப்பாடு. வேலை செய்யக்கூடாது என்று சட்டம், சாப்பிடக்கூடாது என்று சட்டம் இல்லை. ஒரு கத்தோலிக்கச் சபை வீட்டில் இடம் தந்திருக்கிறார்கள். குடிவரவு அலுவலகத்தில் அனுமதி எடுத்துத்தான் ஹமாசேக்கு வந்தேன்.

செயலாளரைக் கண்டேன். மீன் சந்தைக்குப் பின்னால் வாகனத் தரிப்பிடத்தில் காவல் வேலை. மஞ்சள் தொப்பி. என்னைக் கண்டவுடன் அடையாளம் தெரிந்தது அவருக்கு. பெயரையும் சரியாகச் சொன்னார். நான் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். புத்தகத்தின் ஜப்பான் பதிப்பை ஏற்கெனவே படித்திருந்தார். கோபப்படவில்லை. துப்பவில்லை. "செயலாளர் என்றால் அதற்குத்தானே" என்றார். வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னார். எனக்குத் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரை நினைத்து அழுவதா, கன்னத்தில் அறைவதா என்று தெரியாமல் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி வான் வந்தது. "இஷிமூரோ, இஷிமூரோ, உங்கள் இஷிமூரோ." இடைத்தேர்தல். இந்த முறை அவருடைய பேச்சு, வெளிநாட்டவர்கள் சட்டத்துக்கு அடங்க வேண்டும் என்பது. காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது. வான் சந்தையடியில் நின்றது. வெள்ளைக் கையுறையோடு இறங்கி, நின்றவன் எல்லாருக்கும் கை கொடுத்தபடி வந்தார். எனக்கு வாக்கு இல்லை என்று என் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பக்கத்தில் கமரா இருந்தது.

என் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அதே பிடி. இடது காது சரிந்தது. பின்னால் நின்ற புதுப் பெடியன் முழித்தான், அவனுக்கு நான் யாரென்று தெரியாது. தெரிந்த ஒரே மனுசன் மஞ்சள் தொப்பியோடு எனக்குப் பக்கத்தில் நின்றார். இருபது வருடம் அந்தக் காதுக்குள் பெயர் சொன்னவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை, ஜெனோ. உன்னைப் போல.

அப்போது நானே பெயரைச் சொன்னேன். "கஸ்பர்" என்றேன். "மன்னார் கஸ்பர். சிப்பி ஆலை."

முகம் அப்படியே மலர்ந்தது. "ஓ, கஸ்பர்-சான்! எவ்வளவு காலம்! நல்ல சுகமாக இருக்கிறீர்களே, மிக்க சந்தோஷம்!" கையை இன்னொரு தரம் இறுக்கினார். கண் கலங்கியது. "ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

அடுத்த ஆளுக்குக் கை கொடுக்கப் போய்விட்டார். அவர் வெல்லுவார், அதில் சந்தேகம் இல்லை.

றோஸ்மலர் அக்காவிடம் போய்ச் சொல்லு. தம்பி நல்ல சுகமாக இருக்கிறானாம். இஷிமூரோவே சொல்லிவிட்டார்.

லெஸ்லி